கழித்த அரை மணித்தியாலம்

விழித்தபோது சுவர் மணிக்கூடு ஏழு பத்து என்றது, தலைமாட்டில் கிடந்த போன் ஆறு பத்து என்றது. போன் தானாக மாறிக்கொள்ளும், சுவருக்கு அந்த அறிவு இல்லை, ஆகவே ஆறு பத்துதான் சரி. ஆனால் வயிறு ஏழு பத்து என்கிறது, தேத்தண்ணி கேட்கிறது, இன்றைக்கு நவம்பர் முதல் ஞாயிறு என்று வயிற்றுக்கு யார் போய் விளங்கப்படுத்துவது? மார்ச்சில் ஒரு மணித்தியாலத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நவம்பரில் பெரிய தயவாகத் திருப்பித் தருகிற இந்த விளையாட்டை இருபத்திரண்டு வருஷமாக ரொறொன்ரோ நகரத்து ஸ்காபரோவில் இருந்து பார்க்கிறேன், இன்னும் ஒவ்வொரு தடவையும் முன்னாலேயா பின்னாலேயா என்று விரல் விட்டுத்தான் எண்ண வேண்டியிருக்கிறது. பின்னாலே. இன்றைக்குப் பின்னாலே. ஒன்பது மணிக்கு இந்திராணி அக்கா எனக்குப் போன் எடுப்பார், அதற்கு இன்னும் இரண்டு மணி ஐம்பது நிமிஷம் இருக்கிறது, பழைய கணக்கென்றால் ஒன்று ஐம்பதுதான் இருந்திருக்கும். ஒரு மணித்தியாலம் சும்மா கிடைத்திருக்கிறது. கிடைத்து என்ன, யோசிக்கத்தானே போகிறேன். வியாழக்கிழமையில் இருந்து யோசித்ததில் ஒரு அங்குலமும் நகரவில்லை, இன்னும் ஒரு மணித்தியாலம் தந்தால் மட்டும் நகர்ந்துவிடுமா? இந்திராணி அக்கா பக்கத்து நகரம் மார்க்கத்தில் இருக்கிறார், ஆரூரனின் அம்மா. ஆரூரனும் என் மகள் மதுவந்தியும் மூன்று வருஷமாக விரும்புகிறார்கள். நல்ல பிள்ளை, சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பான், கழுவுவதை யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கமாட்டான், அதுதான் எனக்குப் பிடித்தது. எல்லாம் சரி, சாதகம் பொருந்தினால் போதும் என்றார் இந்திராணி அக்கா. அந்தப் போதும் என்ற சொல்லிலே வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கீழே இறங்கினேன். ஹீற்றர் மூச்சு விடுகிற சத்தம், ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மேப்பிள் முக்கால்வாசி கொட்டி முடித்திருந்தது. வெளிச்சம் வந்திருக்கிறது, அதுவே ஒரு புதினம், நேற்று இந்த நேரத்துக்கு இருட்டு. நேற்று இந்த நேரம் என்று எதைச் சொல்கிறேன்? விறாந்தையில் நகைக்கடைக்காரன் இனாமாய்க் கொடுத்த மணிக்கூடு, அதற்குக் கதிரை போட்டு ஏற வேண்டும். மது எழும்பட்டும், நான் ஏறி விழுந்து வைத்தால் கலியாணக் கதை ஆஸ்பத்திரிக் கதையாகிவிடும். முந்தி இதெல்லாம் என் புருஷன் குகநேசனின் வேலை. உயிரோடு இருந்தவரை அவர் பெயரை வாயால் சொன்னதில்லை, இஞ்சாருங்கோதான், இப்போது மனதுக்குள் தாராளமாகச் சொல்கிறேன், கேட்க ஆளில்லை. சனிக்கிழமை பின்னேரமே தொடங்கிவிடுவார், வீட்டிலே உள்ள அத்தனை மணிக்கூட்டையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாய் அடுக்கி வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, ஒவ்வொன்றாகத் திருப்புவார். சாமியறை மணிக்கூட்டைக் கடைசியாய்த் தொடுவார். நவம்பர் என்றால், "இஞ்சாரும், நாளைக்கு ஒரு மணித்தியாலம் லாபம்" என்று ஒவ்வொரு வருஷமும் அதே சொல், ஒவ்வொரு வருஷமும் புதிதாய்ச் சொல்வதுபோல. மார்ச்சிலே ஒன்றும் சொல்லமாட்டார். மார்ச்சிலேதான் போனார். மணித்தியாலம் பறிபோன அந்தக் கிழமையிலே, திங்கட்கிழமை காலமை இருட்டோடு வேலைக்குப் போக எழும்பி, சப்பாத்துக்குள் ஒரு கால், வெளியே ஒரு கால், அப்படியே கதிரையிலே. நாலு வருஷம். அந்த ஒரு மணித்தியாலம் நித்திரை கொண்டிருந்தால் இருந்திருப்பாரோ என்று ஒரு வருஷம் முழுக்க நினைத்தேன், அரசாங்கத்தைத் திட்டினேன், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தேன். இந்திராணி அக்கா வியாழக்கிழமை கேட்டது இதுதான். "தங்கச்சி, யாழ்ப்பாணத்திலை எங்கடை சாத்திரியாருக்கு வாட்ஸப்பிலை மதுவின்ரை சாதகக் குறிப்பை அனுப்பினனான். பிறந்த நேரம் மூண்டு ஐம்பது எண்டு கிடக்குது. அவர் சொல்லுறார், தொண்ணூற்றெட்டிலை பிறந்த பிள்ளையள் எண்டால் தனக்கு நம்பிக்கை இல்லையாம். பிறக்கேக்கை மணிக்கூடு எத்தினை காட்டினது, அது பழைய நேரமோ புதிய நேரமோ எண்டு வடிவாய்க் கேட்டுச் சொல்லட்டாம்." பழைய நேரம், புதிய நேரம். மதுவுக்கு இதை விளங்கப்படுத்தப் போய் எனக்கே தலை சுற்றியது. தொண்ணூற்றாறில் மின்சாரம் காணாது என்று இலங்கை அரசாங்கம் நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னாலே தள்ளியது, சில மாதத்தில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது, மற்ற அரை மணித்தியாலம் பத்து வருஷம் அப்படியே நின்றது. அது புதிய நேரம். நாங்கள் இருந்தது வன்னி, போராளி இயக்கத்தின் கட்டுப்பாட்டில். எங்களுக்கு மின்சாரமே இல்லை, இல்லாத மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஏன் மணிக்கூட்டைத் திருப்ப வேண்டும், எங்களுக்குப் பழைய நேரம்தான். வவுனியாவுக்குப் போனால் நாலரை, திரும்பி வந்தால் நாலு. ஒரே சூரியன், ஒரே வேப்பமரம், இரண்டு மணிக்கூடு. சாத்திரிமாருக்குப் பழைய நேரம்தான் கணக்கு, ஆகவே புதிய நேரத்தில் பிறந்த பிள்ளைக்கு அரை மணித்தியாலத்தைக் கழித்துவிட்டுத்தான் சாதகம் கணிப்பார்கள். மது பிறந்தபோது மணிக்கூடு நாலு இருபது. குறிப்பிலே மூன்று ஐம்பது. கழித்திருக்கிறார்கள். ஏன் கழித்தார்கள்? குகநேசன் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாஸ் எடுத்து வவுனியா போய் வருவார், அவருடைய கை மணிக்கூட்டில் புதிய நேரம் இருந்தது, அதைப் பார்த்துத்தான் எழுதினார், அதனால் கழித்தது. இதுதான் கதை. இருபத்தேழு வருஷமாக எங்கள் வீட்டுக் கதை இதுதான், நானும் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். பிறகு ஏன் வியாழக்கிழமை இந்திராணி அக்காவிடம் அதை உடனே சொல்லவில்லை? "குறிப்பைத் தேடிப் பாத்திட்டுச் சொல்லுறன் அக்கா, ஞாயிறு ஒன்பதுக்கு எடுங்கோ" என்று ஏன் சொன்னேன்? குறிப்பு மேசை லாச்சிக்குள் மேலாலேயே கிடக்கிறது, தேட என்ன இருக்கிறது?

அடுப்பு மணிக்கூடு ஏழு இருபத்தைந்து என்று பச்சையாய் எரிந்தது. அதை முதலில் முடிப்போம். இந்த அடுப்பிலே கீழே போகிற பொத்தான் மூன்று வருஷமாக வேலை செய்வதில்லை, மேலே போகிற பொத்தான் மட்டும்தான், ஆகவே ஒரு மணித்தியாலம் பின்னாலே போவதற்குப் பதினொரு மணித்தியாலம் முன்னாலே ஓட வேண்டும். ஆரூரன் திருத்தித் தருகிறேன் என்றான், நான்தான் வேண்டாம் என்றேன், இன்னும் மருமகனாகாதவனைக் கொண்டு அடுப்புத் திருத்துவிப்பதா? விரலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். எட்டு, எட்டரை, இலக்கங்கள் ஓடத் தொடங்கின. அந்த அரை மணித்தியாலத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதுதான் கரைச்சல். வியாழன் இரவே மதுவின் போனில் ஏதோ ஒரு சாதகக் கணக்குக்குள் இரண்டு நேரத்தையும் போட்டுப் பார்த்தேன். மூன்று ஐம்பது என்றால் செவ்வாய் ஒன்பதில். சுத்த சாதகம். நாலு இருபது என்றால் லக்கினம் ஒரு வீடு தள்ளிப் போய்விடும், செவ்வாய் எட்டில் வந்து குந்தும். எட்டில் செவ்வாய். பெண்பிள்ளைக்கு எட்டில் செவ்வாய் என்றால் தாலிக்குக் கூடாது, மாப்பிள்ளையை எடுக்கும். இந்திராணி அக்கா முப்பத்தாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவர், ஒரே மகன், அவர் அந்தச் சொல்லைக் கேட்டால் போனை மெதுவாக வைத்துவிடுவார், கோபிக்கக்கூடமாட்டார். பத்து, பத்தரை. விரல் நோகிறது. ஆரூரன் அம்மாவை மீறி வரமாட்டான். ஆரூரன் ஆடி மாதம் இந்த ரொறொன்ரோவில் பிறந்தவன், ஆடியில் இங்கே மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னாலே நிற்கும், அவனுடைய சாதகத்தில் அதைக் கழித்தார்களா என்று நான் கேட்டேனா? கேட்கமுடியுமா? பெண் வீடு. பன்னிரண்டு, ஒன்று. பெண் வீடு என்றால் பதில் சொல்ல வேண்டியது, கேள்வி கேட்பது மாப்பிள்ளை வீடு. இரண்டரை. நாலு. விரல் வழுக்கியது. இலக்கம் நின்றது. நாலு இருபது.

நாலு இருபது என்று ஒரு பெண் குரல் சொன்னது. அடுப்பு அல்ல. தடித்த குரல், வெற்றிலை போட்ட வாய், மது பிறந்த அன்றைய மருத்துவமாது. "நாலு இருவது, பொம்பிளைப் பிள்ளை" என்றாள், சொல்லிக்கொண்டே சுவரை அண்ணாந்து பார்த்தாள். சுவரிலே மணிக்கூடு இருந்தது. கிடுகு வேய்ந்த கொட்டில் ஆஸ்பத்திரி, களிமண் சுவர், சுவரோடு நின்ற கப்பு மரத்தூணில் ஆணி அடித்து ஒரு வட்ட மணிக்கூடு, அதன் கண்ணாடியில் குறுக்கே ஒரு வெடிப்பு. வலி எல்லாம் சட்டென்று வடிந்துபோய், தண்ணி வற்றின கிணறுபோல நான் கிடந்தேன், அந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பின்னேர வெயில் கிடுகு ஓட்டையால் வந்து கட்டிலில் விழுந்தது. டெற்றோல் மணம். பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணி தண்ணி என்றார்கள். குகநேசன் எங்கே? குகநேசன் அங்கே இல்லை. அவர் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றவர், பிள்ளையைத் துடைத்துத் துணியில் சுற்றி என் பக்கத்தில் வைத்த பிறகுதான் வந்தார், சைக்கிள் ஸ்ராண்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது, அரிசிப் பையோடு உள்ளே வந்தார், பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "எத்தினை மணிக்கு?" என்று கேட்டார், பிள்ளையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது, எனக்கு அப்போது கொஞ்சம் கோபமும் வந்தது. மருத்துவமாது சுவரைக் காட்டினாள். அவர் சுவரைப் பார்த்தார், கையைப் பார்த்தார், திரும்பச் சுவரைப் பார்த்தார். சரியாய்க் கிடக்கு என்பதுபோலத் தலையை ஆட்டினார். இரண்டும் ஒரே நேரம். அந்த மாதம் முழுக்கப் பாதை பூட்டு, அவர் வவுனியாப் பக்கமே போகவில்லை, கையிலும் பழைய நேரம், சுவரிலும் பழைய நேரம். அவர் கை மணிக்கூட்டைப் பார்த்துப் பிறந்த நேரம் எழுதவே இல்லை. எப்படி எழுதுவார், பிள்ளை பிறக்கும்போது அவர் அரிசி வரிசையில் அல்லவா நின்றார்.

தண்ணி கொதித்து இரைந்தது, அடுப்பை நிறுத்தினேன், நாலு இருபது அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் அரை மணித்தியாலத்தை எதற்குக் கழித்தார்? பிழை விட்டாரா? மனிதர் நேரத்தில் பிழை விடுகிறவரா? இராணுவப் பக்கம் காலை வைத்ததும் மணிக்கூட்டை முறுக்குவார், திரும்பி இந்தப் பக்கம் வந்ததும் வேப்பமரத்தடியில் சைக்கிளை நிறுத்தி மறுபடி முறுக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார், ஒருநாள் தவறியதில்லை. இரண்டு நேரத்தையும் குழப்பாத ஒரே மனிதர் அந்த ஊரிலே அவர்தான், மற்றவர்கள் அவரிடம் வந்து கேட்டுப் போவார்கள். முப்பத்தொரு நாள் கழித்து சாத்திரியாரிடம் போனார். காலமை போனவர் மத்தியானம் வெறுங்கையோடு வந்தார். "ஆள் இல்லை" என்றார். சோறு போட்டேன், பிசைந்தார், சாப்பிடவில்லை. பிள்ளை ஏணைத் தொட்டிலில் கிடந்தது, போய் அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு கன நேரம் அதன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "பிறந்த நேரம் ஆருக்கும் சொன்னனீரோ?" என்று கேட்டார். ஆருக்குச் சொல்ல, இடம்பெயர்ந்து வந்த இடத்தில் எனக்கு ஆரைத் தெரியும், "ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றேன். "சொல்லாதையும்" என்றார். கண்ணூறு படும் என்று நினைக்கிறார் என்று நான் நினைத்தேன். அடுத்த நாள் விடியவே போனார், அந்தச் சாத்திரியாரிடம் இல்லை, எட்டுக் கட்டை தூரத்துக்கு அங்காலே வேறொருவரிடம். பின்னேரம் கொப்பித் தாளில் எழுதின குறிப்போடு வந்தார், எனக்கு இரண்டு மாம்பழமும் கொண்டுவந்தார், சீசனும் இல்லை, எங்கே பிடித்தாரோ. "நல்ல சாதகம். புதிய நேரம் எண்டபடியாலை அரை மணித்தியாலம் கழிச்சு எழுதினவர்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், மாம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நேரத்தை யார் பார்த்தார்கள். குகநேசன் பிழை விடவில்லை. முதல் நாள் போய் எட்டில் செவ்வாய் என்று கேட்டிருக்கிறார். அரை மணித்தியாலம் முந்திப் பிறந்திருந்தால் எப்படி இருக்கும் என்றும் கேட்டிருக்கிறார். பிறகு வந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் காலத்தில் எல்லார் கையிலும் கிடந்து உருண்டுகொண்டிருந்த ஒரு அரை மணித்தியாலத்தை எடுத்துத் தன் பிள்ளையின் தலைமாட்டில் வைத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது, இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்து எழும்பின மனிதர் எனக்குக்கூடச் சொல்லவில்லையே என்று. பிறகு பயம் வந்தது, வந்த பயம் போய்க் கதிரையில் இருந்துவிட்டது, எழும்புகிற எண்ணமே இல்லை. அவருக்கு லேசு. அவர் அதைச் செய்தபோது மாப்பிள்ளை என்று ஒருவன் இல்லை, வெறும் கட்டம், கட்டத்துக்குள் ஒரு எழுத்து. எனக்கென்றால் அவனுக்கு முகம் இருக்கிறது. கோப்பை கழுவுகிற கை இருக்கிறது. அன்ரி, உங்கடை புட்டு எங்கடை அம்மாவின்ரையை விட மெதுமை, ஆனா அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ என்று குனிந்து சொல்கிற வாய் இருக்கிறது. அவனுக்கு நாளைக்கு ஒன்று என்றால், ஒரு காய்ச்சல் என்றால்கூட, நான் இந்த அடுப்படியில் நின்றதை நினைப்பேன். சாதகத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னால் பொய். செவ்வாய்க்கிழமை நகம் வெட்டமாட்டேன், இராகு காலத்தில் கதவு திறந்து வெளியே போகமாட்டேன், கோயில் கலண்டரில் இராகு காலத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் கோடைகால நேரம் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கிறவள் நான். ஆனால் என்னுடைய சாதகம்? பத்துப் பொருத்தத்தில் ஒன்பது. எங்கள் கலியாணத்துக்குப் பார்த்த சாத்திரியார் இப்படியொரு பொருத்தம் தான் கண்டதில்லை என்று வெற்றிலைத் தட்டைத் தொட்டுச் சத்தியம் பண்ணினார். எனக்கு எட்டில் ஒரு கிரகமும் இல்லை, வெறும் வீடு. அந்த வெறும் வீட்டில் இருந்து யார் வந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு போனது? இதை நான் யாரிடமும் கேட்டதில்லை. எனக்குள்ளே கேட்கிறபோதெல்லாம் அழுகை வரும், இப்போது வரவில்லை, ஆறுதலாகத்தான் கேட்கிறேன். இந்திராணி அக்காவும் பொருத்தம் பார்த்துத்தானே கட்டியிருப்பார்.

தேத்தண்ணியும் ஊற்றாமல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே நின்றிருக்கிறேன். மாடிப்படியில் கால் சத்தம். மது, தடித்த காலுறையோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு. சனி முழுக்க மற்றவர்களின் பல்லைச் சுத்தம் செய்துவிட்டு வந்தவள், ஞாயிறு பத்து மணி வரை படுப்பாள், இன்றைக்கு எழும்பிவிட்டாள். "அம்மா, ஏன் அடுப்பிலை நாலு இருபது நிக்குது?" "இன்னும் திருப்பி முடியேல்லை." தண்ணி குடித்தாள். என் முகத்தைப் பார்த்தாள், அப்பாவைப்போல உடனே பார்வையை எடுக்கமாட்டாள், பார்த்துக்கொண்டே நிற்பாள். "இந்திராணி அன்ரிக்கு என்ன சொல்லப் போறீங்கள்?" "கேட்டதுக்குச் சொல்லுவன்." "அம்மா, எனக்காகப் பொய் ஒண்டும் சோடிக்காதேங்கோ. பொருந்தேல்லை எண்டால் பொருந்தேல்லை. அவர் தன்ரை அம்மாவை விட்டிட்டு வரமாட்டார், நானும் வாங்கோ எண்டு கேக்கமாட்டன்." சொல்லிவிட்டுத் தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். சொல்லிவிடலாமா? உன் அப்பா இப்படிச் செய்தவர் என்று. சொன்னால் இவள் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஆரூரனிடம் கொடுப்பாள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒன்றையும் மறைக்கமாட்டார்கள், அதுவும் நல்லதுதான், ஆனால் அவன் அதை அம்மாவிடமிருந்து எத்தனை நாள் ஒளிப்பான்? ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அந்த மனுசி என் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும். இவளும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பாள். எட்டில் செவ்வாய் என்ற சொல் ஒரு வீட்டுக்குள் போனால் பிறகு வெளியே வராது, அந்தச் சொல்லைத்தான் குகநேசன் வாசலிலேயே வைத்து மறித்திருக்கிறார். செவ்வாயை அல்ல, சொல்லை. "போய்ப் படு பிள்ளை, உனக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு" என்றேன். அவள் என் தோளிலே ஒருமுறை தலையை வைத்து எடுத்துவிட்டு மேலே போனாள். நான் பொத்தானை மறுபடி அழுத்தினேன். ஐந்து, ஆறு, ஏழு, ஏழு ஐம்பத்தெட்டில் விட்டேன், போனைப் பார்த்தேன், சரி. ஒன்பதுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இரண்டு நிமிஷம். அதற்குள் முகம் கழுவி, சாமிக்கு விளக்கு வைத்து, என்ன சொல்வதென்று ஒரு முடிவுக்கு வரலாம். நேற்றிரவு இந்த நாட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரு மணித்தியாலத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள், செவ்வாயிடம் ஒருவரும் கேட்கவில்லை. அங்கே அரசாங்கம் ஒரு கையெழுத்தில் அரை மணித்தியாலத்தை எடுத்தது, கொடுத்தது. தகப்பன் எடுத்தால் மட்டும் களவா? களவுதான். அதையும் மறைக்கப் போவதில்லை, எனக்குள்ளேயாவது.

போன் அடித்தது. விளக்குத் திரியில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவள் கையைச் சீலையில் துடைத்தபடி ஓடினேன். எட்டு இரண்டு. "தங்கச்சி, ஒன்பதுக்கு எடுக்கச் சொன்னனீங்கள், சுணங்கிப் போனனோ?" "இல்லை அக்கா, இப்ப எட்டுத்தான். நேரம் மாத்தினவங்கள் எல்லோ." அந்தப் பக்கம் சிரித்தார். "ஐயோ, ஓம். எங்கடை வீட்டு மணிக்கூடுகளை ஆரூரன்தான் மாத்திறவன், அவன் இன்னும் எழும்பேல்லை. நான் சுவரைப் பாத்திட்டு எடுத்துப்போட்டன். வைச்சிட்டுப் பிறகு எடுக்கட்டே?" பிறகு எடுங்கோ என்று சொல்லியிருக்கலாம். ஒரு மணித்தியாலம், எனக்கு உரிமையானது, நியாயமாகக் கிடைத்தது. அதை வைத்து என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும், இன்னொரு தடவை பதினொரு மணித்தியாலம் சுற்றி வருவேன். "வேண்டாம் அக்கா, இப்பவே கதைப்பம்" என்றேன். "எனக்கும் நித்திரையில்லைத் தங்கச்சி, உள்ளதைச் சொல்லுறன். எனக்கு உங்கடை பிள்ளையில ஒரு குறையும் இல்லை. நான் பட்டது காணும், அவனுக்கு ஒண்டும் வந்திடக் கூடாது, அதுதான் கேக்கிறன். மணிக்கூடு எத்தினை காட்டினது?" "நாலு இருபது." "அது பழைய நேரமோ, புதிய நேரமோ?"

எனக்கு அந்த மனுசியின் மேல் இரக்கம் வந்தது, அது உண்மை. என் பயமும் அவருடைய பயமும் ஒரே பயம்தான், ஒரே பிள்ளைக்காக. அவருக்கு ஒரு பதில் சொன்னால் மூன்று பேரின் பயம் தொடங்கும், மற்றப் பதிலைச் சொன்னால் பயம் என் ஒருத்தியிடம் மட்டும் இருக்கும், அது என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு வீட்டில் வேறு யார் பேச்சுத்துணை.

"புதிய நேரம் அக்கா" என்றேன்.

"வடிவாய்த் தெரியுமோ தங்கச்சி? ஆர் பாத்தது?"

"மதுவின்ரை அப்பாதான் பாத்தவர். அவர் நேரத்திலை பிழை விடமாட்டார்."

அவர் வாய்க்குள் கணக்குப் பார்ப்பது கேட்டது. நாலு இருபதில் அரை போனால், மூன்று ஐம்பது. நீளமாக ஒரு மூச்சு விட்டார், அது என் காதில் பட்டது. "அப்பிடியெண்டால் குறிப்பு சரி. இனி ஒரு யோசினையும் இல்லை. தை பிறக்க நாள் பாப்பம்." மூக்கை உறிஞ்சினார், அழுகிறாரோ தெரியவில்லை. "பாவம், அந்த மனுசன் இருந்து இதைப் பாக்கக் குடுத்து வைக்கேல்லை. மகளின்ரை கலியாணத்துக்கு என்னெல்லாம் செய்ய ஆசைப்பட்டிருப்பார்."

"அவர் தான் செய்ய வேண்டியதைச் செய்துபோட்டுத்தான் போனவர் அக்கா" என்றேன்.